பிரபஞ்சத்திலிருந்து வெட்டிய துண்டு

பிரபஞ்சம் எங்கே தோன்றியது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் பதில் சொல்வேன். எங்கள் தோல் கம்பெனி ரிசப்ஷனில், சோபாவுக்கு மேலே, ஏசிக்குக் கீழே, ஆறடிக்கு நாலடி அளவில் தோன்றியது. தோற்றுவித்தவன் நான்தான். ஒரு வாரத்தில் முடித்துவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இருபத்திரண்டு மதிய இடைவேளைகள் பிடித்தன.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், வழி கேட்கத் தேவையில்லாமல் மூக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும் இடத்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. அதில் நான் ஷேடு மாஸ்டர். பெயர் பெரிது, வேலை சின்னது. தோல் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் உள்ளங்கை அளவுக்கு ஒரு தோல் துண்டை அனுப்புவார். அதே நிறத்தில் ஆயிரக்கணக்கான அடி தோல் நாங்கள் செய்து கொடுக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்து வந்த தோலை ஒரு கையிலும், பையருடைய துண்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, வடக்கு ஜன்னலோரம் நின்று, சிவப்பு ஜாஸ்தி, கறுப்பு ஒரு சொட்டு என்று சொல்வதுதான் என் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு "சரியில்லை" என்று சொல்லி வந்திருக்கிறேன். அதையே வீட்டில் இலவசமாகச் செய்தேன்.

நிறம் அளக்கிற மெஷின் ஒன்றும் கம்பெனியில் உண்டு. அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி, துணியின்மேல் என் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தேன். ஒரே தோலில் கழுத்துப் பக்கம் ஒரு நிறமும் வயிற்றுப் பக்கம் ஒரு நிறமும் காட்டுகிற மாட்டை மெஷினால் சமாளிக்க முடியாது, என் கண்ணால்தான் முடியும் என்று ஆடிட்டுக்கு வந்தவர்களிடம்கூடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் டப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

என் மேசைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். நானே எழுதியது. "வாயால் சொன்ன கலர் கலர் அல்ல. துண்டு வெட்டிக் கொண்டு வரவும்." பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் ஒருவர், பல வருஷங்களுக்கு முன்னால், வானத்து நிறத்தில் வேண்டுமாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஆம்பூர் சித்திரை மாதத்து வானத்தைச் செய்து கொடுத்தேன். பையர் தன் ஊர் வானத்தை எதிர்பார்த்திருந்தார். அந்த லாட் தோல் முழுவதும் திரும்பி வந்தது. அன்றைக்கு எழுதிய போர்டு அது.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் பையர் எதன்மேல் விரல் வைத்தாலும் அதில் ஒரு துண்டு வெட்டப்படும். சோபாவின் அடிப்பக்கம், முதலாளி கார் சீட்டின் பின்புறம், யாரோ மறந்து விட்டுப்போன செருப்பு, எதுவும் தப்பியதில்லை. ஓரம் பல்லுப் பல்லாக வெட்டுகிற கத்தரி ஒன்று அதற்கென்றே உண்டு. நாலுக்கு ஆறு அங்குலம் வெட்டி, மூன்றாக்கி, ஒன்று பையருக்கு, ஒன்று ஃபைலுக்கு, ஒன்று என் மேசைக்கு. என் மனைவியின் கைப்பை உள்மடிப்பில் நானே ஒருமுறை வெட்டியிருக்கிறேன். அந்தப் பையை அவள் தூக்கிப் போடவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வெட்டுப்பட்ட இடம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, யார் செய்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

ஷேடு சரி என்று முடிவானால் ஒரு தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். முதல் கட்டம் மேட்ச் செய்தவருக்கு, இரண்டாவது கட்டம் சரிபார்த்தவருக்கு. முதல் கட்டம் என்னுடையது. இரண்டாவது கட்டத்தில் போடுகிற அம்மா ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். தோல் மடிக்கிற வேலைக்கு வந்து, கண் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, என் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர். பன்னிரண்டு வருஷம். "சார், இதுல கொஞ்சம்" என்று அவர் ஆரம்பித்தாலே "கையெழுத்து போடும்மா" என்று தாளை நகர்த்திவிடுவேன். இரண்டாவது கட்டம் என்பது ஆடிட்காரர்களின் மனத் திருப்திக்காக இருப்பது என்று எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது. அபிப்பிராயங்களுக்கு என்னிடம் எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை.

போன வருஷத்திலிருந்து உலகம் கெட்டுப்போக ஆரம்பித்தது. என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மஞ்சளடித்தன. சோப்பை மாற்றச் சொன்னேன். மனைவி மாற்றினாள். மறுபடியும் மஞ்சள். நானே கடைக்குப் போய் ஐந்து வகை சோப்பு வாங்கி வந்தேன். பிறகு தண்ணீரைத் திட்டினேன், பாலாற்றைத் திட்டினேன், பாலாற்றை இப்படி ஆக்கியவர்களைத் திட்டும்போது மட்டும் நானும் அதில் சம்பளம் வாங்குகிறவன் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். ட்யூப்லைட் செய்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றேன். பால்காரர் பாலில் எதையோ கலக்கிறார் என்றேன். ஊரில் எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். மனைவியின் தொல்லை தாங்காமல் போனேன். டார்ச் அடித்துப் பார்த்த பெண், ரெண்டு கண்ணுலயும் புரை இருக்குது சார், சீக்கிரம் எடுத்துடுங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வைத்ததை மறந்துவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். சட்டையோடு சீட்டும் துவைபட்டுக் கூழாகிப் போனது. அந்தச் சோப்பு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

பயம்தான், வேறொன்றுமில்லை. எனக்கு முன்னால் அந்த ஜன்னலோரம் நின்றவருக்குக் கண் மங்கியது. ஒரு லாட் ரிஜெக்ட் ஆனதும் அவரைக் கோடவுனுக்கு அனுப்பினார்கள். அங்கே மூட்டைகளை எண்ணிக்கொண்டு இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனார். அவர் நாற்காலியில் அடுத்த நாளே போய் உட்கார்ந்தவன் நான். கண் போனவனுக்கு ஷேடு எதற்கு என்று கேண்டீனில் சிரித்தவனும் நான். ஆபரேஷனுக்கு லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்கள், சொன்னால் கோடவுன். அதனால் வாயை மூடிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தினமும் போய்ச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி வெளிநாடு போய் வந்தார். எங்கள் பெரிய பையரின் ஆபீஸ் சுவரில் ஒரு பெயின்டிங்கைப் பார்த்திருக்கிறார். இது என்ன என்று கேட்டதற்கு, பிரபஞ்சத்தின் தொடக்கம் என்று பையர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அதே பையர் இங்கே வருகிறார். அவர் உட்காரப்போகிற சோபாவுக்கு மேலே நம்முடைய தொடக்கம் ஒன்று இல்லாவிட்டால் எப்படி? சென்னையிலிருந்து வந்த இன்டீரியர்காரர் ஒரு தொகை சொன்னார். முதலாளி அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீதான கலர் ஆளு. ஆயில் பெயின்ட்ல ஒண்ணு போட்டுடு. உருவம் எதுவும் வேணாம். மனுஷன், மாடு, ஒண்ணும் வேணாம். ஆரம்பம் மட்டும் போதும்."

எங்கள் எல்லோருக்கும் சோறு போடுகிற மாட்டுக்குப் பிரபஞ்சத்தில் இடமில்லை என்று ஆகிவிட்டது. நான் சரி பாய் என்றேன். கம்பெனிக்கு வருவதற்கு முன் ஆம்பூர் பஜாரில் கடைகளுக்குப் போர்டு எழுதியவன் நான். கோழிக்கடை போர்டில் கோழி வரைந்ததுதான் எனக்கும் கலைக்கும் இருந்த ஒரே தொடர்பு. கோழியிலிருந்து பிரபஞ்சத்துக்குப் பதவி உயர்வு.

வேலூர் போய் கேன்வாஸ், ட்யூப் பெயின்ட், ஆளிவிதை எண்ணெய், பிரஷ் எல்லாம் வாங்கி வந்தேன். ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் பின்னால் பழைய கெமிக்கல் ரூமைக் காலிசெய்து கொடுத்தார்கள். ஆரம்பத்தில் என்ன இருந்தது என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். வாசல் வாட்ச்மேன், தோல் ஊறுகிற டிரம்மை ஓட்டுகிற பாய், சர்ச்சுக்குப் போகிற ஸ்டோர் அம்மா, ஒன்றையும் நம்பாத எலக்ட்ரீஷியன், எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். முதலில் இருட்டு, அப்புறம் வெளிச்சம். போனஸ் விஷயத்தில்கூட இவர்கள் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

இருட்டு சுலபம். கறுப்பில் கொஞ்சம் சிவப்பும் கொஞ்சம் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து, சுழல் சுழலாகத் தீற்றினேன். ஓரங்களில் துருப்பிடித்த ஆரஞ்சு. வேலை சுலபம், வேடிக்கை பார்த்தவர்கள்தான் கஷ்டம். தரம் பிரிக்கிற செலக்‌ஷன்காரர் வந்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாலு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, குறை இருக்குது, மூணாவது தரத்துக்கு மேல போகாது என்றார். அளவு எடுக்கிறவர் இருபத்துநாலு சதுர அடி என்று சொல்லி, ஓரத்தில் பெயின்ட் படாத இடத்தைக் கழித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஸ்ப்ரே அடித்த தோல் டிரையருக்குள் போய் மூன்று நிமிஷத்தில் காய்ந்து வெளியே வரும். ஆயில் பெயின்ட் பத்து நாளானாலும் விரலில் ஒட்டும். ஃபோர்மேன் தினமும் எட்டிப் பார்த்து, இன்னுமா ஈரம் என்று வருத்தப்பட்டு, டிரையரில் ஒரு தடவை விட்டு எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும், அப்போ பிரஸ்ஸிலாவது ஒரு அழுத்து அழுத்தினால் மினுங்கும் என்றார்.

இத்தனை கேலிக்கு நடுவிலும் எனக்கு அந்த ரூம் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் கையில் யாருடைய துண்டும் இல்லை. எதையும் எதோடும் ஒப்பிட வேண்டியதில்லை. இருட்டு என் இருட்டு. சாப்பாட்டை மறந்து நின்ற நாட்கள் உண்டு. டப்பாவைத் திறக்காமல் கொண்டுபோனால் வீட்டில் விசாரணை நடக்கும் என்று வழியில் நாய்க்குப் போட்டேன்.

நடுவில் வெளிச்சம் வர வேண்டும். அது சுத்த வெள்ளையாக வர வேண்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளைக்கு எந்தத் துண்டும் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளை மட்டும் நினைத்தபடி வந்துவிட்டால் என் கண்ணில் ஒன்றுமில்லை, முகாமில் டார்ச் அடித்த பெண் சொன்னது தப்பு என்று எனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். ட்யூபிலிருந்து வந்த வெள்ளையே மஞ்சளாக இருந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று வேலூர்க் கடைக்காரரைத் திட்டினேன். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதில்லையா, அதுபோல ஒரு துளி நீலம் சேர்த்தேன். போதவில்லை. இன்னொரு துளி. இன்னும் கொஞ்சம். ஆறாவது நாள் திடீரென்று பளிச்சென்று வந்துவிட்டது. சின்ன வயதில் பார்த்த மாதிரி வெள்ளை. பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு நானே கேண்டீனில் வடை வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது கையெழுத்து அம்மா ஒருநாள் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். நடுவுல இப்படித்தான் வேணுமா சார் என்று கேட்டார். இது பிரபஞ்சம்மா, உனக்குப் புரியாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். முதலாளி வந்து பார்த்து, நல்லா இருக்குது, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது என்றார். கலையின் வேலையே குளிரவைப்பதுதான் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

பையர் வந்த அன்று என்னையும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். சோபாவில் உட்காரப் போனவர் உட்காராமல் பெயின்டிங் முன்னால் நின்றார். முதலாளி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பையர் என் கையைக் குலுக்கினார். பிறகு படத்தின் நடுவில், என் வெளிச்சத்தின்மேல், ஒரு விரலை வைத்து இப்போதிருக்கிற மெர்ச்சண்டைசரிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நாலு தடவை சொன்னேன். வெள்ளைக்காரருக்கே என் வெள்ளை பிடித்துவிட்டது என்றேன். அவள் சட்டை துவைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மெர்ச்சண்டைசர் என் மேசையில் ஒரு அட்டையை வைத்தார். அதில் பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு துண்டு ஸ்டேப்ளர் அடித்திருந்தது. அவசரம் சார், அடுத்த சம்மருக்கு ஷூ பண்றாங்க, பையர் ஊருக்குப் போறதுக்குள்ள இந்த ஷேடு ஓகே வாங்கணும் என்றார். அட்டையில் 'ஸ்கை ப்ளூ' என்று எழுதியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இது சுத்த வெள்ளைப்பா. எவன் ப்ளூன்னு எழுதுனது?"

பையர்தான் சொன்னார் என்றார் அவர். நம்மூர் வெயிலில் அந்த ஆளுக்குக் கண் அவுட் ஆகிவிட்டது என்று நான் ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்ப்ரேக்காரன் தரையைப் பார்த்தான். நான் துண்டைத் தடவினேன். தோல் மாதிரி இல்லை, பின்னால் துணி. மூக்கருகே கொண்டுபோனேன். ஆளிவிதை எண்ணெய்.

எங்கே வெட்டினாய் என்று கேட்டேன். ரிசப்ஷனில், பையர் விரல் வைத்த இடத்தில் என்றார். அது பெயின்டிங் என்று உனக்குத் தெரியாதா என்று கத்தினேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போய், என் தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

"போர்டுல போட்டிருக்குதே சார். துண்டு இல்லாம வரக்கூடாதுன்னு."

ரிசப்ஷனுக்கு ஓடினேன். பிரபஞ்சத்தின் நட்டநடுவில் நாலுக்கு ஆறு அங்குலம் ஓட்டை. அதன் வழியாகச் சுவர் தெரிந்தது. சுழன்று வந்த இருட்டெல்லாம் நடுவில் வந்து, வெளிச்சத்துக்குப் பதிலாக, போன தீபாவளிக்கு அடித்த டிஸ்டெம்பரில் முடிந்தது. இருபத்திரண்டு மதியங்கள். அழுகை வந்தது. ரிசப்ஷன் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தேன், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் ஓட்டையைவிடப் பெரிய விஷயம் என் கையில் இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குத் திரும்பினேன். இரண்டாவது கையெழுத்து அம்மா மட்டும் அங்கே இருந்தார். மற்றவர்களை டீக்கு அனுப்பியிருந்தார்.

"இது இன்னா கலரும்மா?"

"நீலம் சார்."

"வெளிர் நீலமா?"

"நல்ல நீலமே சார். வானத்துக்கு அடிக்கிற மாதிரி."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அலமாரியிலிருந்து ஃபார்முலா நோட்டை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். எந்த நிறத்துக்கு எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று நான் எழுதுகிற நோட்டு. வெள்ளை, க்ரீம், ஐவரி, இளநீலம் வந்த பக்கங்களில் என் பேனா எழுத்துக்குக் கீழே பென்சிலில் சின்னச் சின்னத் திருத்தங்கள். நீலம் ரெண்டு பங்கு கம்மி. மஞ்சள் ஒண்ணு ஜாஸ்தி. ஏழு மாதத்துப் பக்கங்கள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு, அவர் ஸ்ப்ரே செக்‌ஷனுக்குப் போய், மாஸ்டர் சொன்னதாகச் சொல்லி மாற்றியிருக்கிறார். இந்த ஏழு மாதத்தில் ஒரு லாட்கூடத் திரும்பி வரவில்லை. என் கண்ணுக்கு அதுவே சாட்சி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்ல வந்தா கையெழுத்து போடுன்னு தாளைத் தள்ளுவீங்க. வெளியில சொல்லியிருந்தா உங்களைக் கோடவுனுக்கு அனுப்பிடுவாங்க. புதுசா ஒருத்தர் வருவாரு. அவருக்குக் கண்ணு நல்லா இருக்கும், வாயி உங்களைவிட மோசமா இருக்கும். எதுக்கு சார் எனக்கு பேஜாரு?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான்தான் விட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கோடவுன்காரரைப் பார்த்துக் கேண்டீனில் சிரித்தது ஞாபகம் வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

இந்த நீலத்தையும் நீங்களே மேட்ச் செய்ததாக எழுதிவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். அது நடந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னும் ஏழு மாதம், ஏழு வருஷம்கூட ஓட்டியிருக்கலாம். அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். நல்லவன் என்பதால் போகவில்லை. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகு அவர் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு தடவை சரியில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

கண்ணில் புரை என்பதையும் சொன்னேன். முதலாளி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ரெண்டு கண்ணும் அஞ்சு வருஷம் முன்னாடியே ஆபரேஷன் ஆயிட்டுது மாஸ்டர். அரை மணி நேர வேலை. இதுக்கா ஒளிஞ்சே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோடவுனா பாய் என்று கேட்டேன். அங்கே இருட்டு, நீ போய் இன்னா பண்ணுவே என்றார். ஆனால் நோட்டை மூடவில்லை. பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்து, முதல் கட்டத்துல இனிமே இந்தம்மா போடட்டும், நீ ரெண்டாவதுல போடு என்றார். ஒரு பையர் விரல் வைத்துப் பிரபஞ்சம் போயிற்று, ஒரு முதலாளி விரல் வைத்து முதல் கட்டம் போயிற்று. நியாயம் என்று தெரிந்தது. தெரிந்தும் வலித்தது.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். வேலூரில் காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கட்டுப் பிரித்ததும் நான் பார்த்த முதல் பொருள் என் சட்டை. வெள்ளை வெளேரென்று இருந்தது. எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் நான் வாங்கிக் குவித்த ஐந்து வகை சோப்பையும் கொண்டுவந்து என் எதிரில் வரிசையாக அடுக்கிவிட்டு உள்ளே போனாள்.

திரும்ப வேலைக்குப் போன அன்று நேராக ரிசப்ஷனுக்குப் போனேன். ஸ்கை ப்ளூ ஆர்டர் அதற்குள் ஓகே ஆகியிருந்தது. அந்தத் தோலிலேயே ஒரு துண்டை எடுத்து, பிரஷ் கோடு தெரியும்படி ஸ்ப்ரேக்காரனை வைத்துத் தீற்றி, ஓட்டைக்குப் பின்னாலிருந்து ஒட்டியிருந்தார்கள். கடைசியில் மாடு பிரபஞ்சத்தின் நடுவிலேயே இடம் பிடித்துவிட்டது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். நான் வரைந்த வெள்ளை வெளிச்சம் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். நீலம். கூச்சமே இல்லாத, கோயில் சுவருக்கு அடிக்கிற நீலம். இதை வெள்ளை என்று நம்பி எனக்கே வடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு ஒட்டின இடத்தைத் தேடினேன். குறை கண்டுபிடிப்பது ஒன்றுதானே நான் உருப்படியாகக் கற்ற வித்தை. இடது கண்ணால் தேடினேன், கிடைக்கவில்லை. புதுக் கண்ணாலும் தேடினேன். எந்த அளவு என்று தெரியும், எந்த இடம் என்று தெரியும், ஆனாலும் எங்கே பெயின்ட் முடிந்து எங்கே தோல் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித்தான் ஓரத்தைக் கண்டுபிடித்தேன்.

அந்த அம்மா இந்த நீலத்தின் ஷேடு தாளோடு பின்னால் வந்து நின்றார். முதல் கட்டத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. இரண்டாவது காலியாக இருந்தது.

"சரியா இருக்குதும்மா" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் பின்னால் ஒரு 'ஆனா' இல்லாமல் நான் அதைச் சொன்னது அப்போதுதான்.

அவர் குனிந்து, படத்தின் நடுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்ல சார். பச்சை ஒரு பொட்டு ஜாஸ்தி. பையருக்குத் தெரியல, ஓகே பண்ணிட்டாரு. இன்னொரு கண்ணும் ஆவட்டும், உங்களுக்கே தெரியும்."

நான் மறுபடி பார்த்தேன். பச்சை எங்கேயும் இல்லை. எங்கேம்மா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து போடுங்க சார்."

போட்டேன்.